படத்தில் தெரியாத வீக்கம்

1895ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் என்னும் இயற்பியல் பேராசிரியர் தம் மனைவியாரை ஆய்வுக்கூடத்திற்கு அழைத்து, அவருடைய கையை ஓர் ஒளிப்படத் தகட்டின்மேல் அசையாமல் வைக்கச் சொன்னார். ஆறு வாரங்களுக்குமுன் தாம் கண்டுபிடித்த புதிய கதிர்களை அக்கையின்மீது பாயவிட்டார். தகட்டைக் கழுவிப் பார்த்தபோது சதை மறைந்துபோய், விரல் எலும்புகளும் அவற்றின் மூட்டுகளும் மோதிரமும் மட்டும் நிழலாய் நின்றன. உலகப் புகழ்பெற்ற முதல் எக்ஸ் கதிர்ப்படம் இதுவே. அது ஒரு பெண்ணின் விரல் மூட்டுகளின் படம் என்பதை நாம் சிந்திப்பதில்லை. தேர்வுக்குப் படிக்கும்போது ஆண்டையும், அலைநீளத்தையும், 1901இல் கிடைத்த முதல் நோபல் பரிசையும் மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகிறோம். இயற்பியல் மாணவனாகிய நானும் அவ்வாறே சென்றவன்தான். என் தாயாரின் கைப்படம் ஒன்று எங்கள் வீட்டுப் பீரோவின்மேல் பத்து மாதம் தூசி படிந்து கிடந்திராவிட்டால் இக்கட்டுரையை எழுதியிருக்கவே மாட்டேன்.

பொழிச்சலூரில் தொடங்கிய வலி

பம்மலுக்கு அப்பால், விமான நிலையத்தின் மதிலை ஒட்டி, அடையாற்றின் கரைப்பக்கம் இருக்கிறது எங்கள் ஊர் பொழிச்சலூர். விமானம் இறங்கும் இரைச்சலில் பாதிப் பேச்சு காதில் விழாது, பழகிவிட்டது. அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். விடியலில் எழுந்து வாசலில் கோலம் போட்ட பிறகே மற்ற வேலை. இரண்டு ஆண்டுகளுக்குமுன் ஒரு நாள் கோலம் பாதியில் நின்றிருந்தது. "மாவு விரல்ல நிக்க மாட்டேங்குதுடா" என்றார். விரல்களின் அடிமூட்டுகள் இரு கைகளிலும் பருத்து, பளபளவென்று இருந்தன. வெயில் ஏறியபின் கை சரியாகிவிடும். மறுநாள் விடியலில் மீண்டும் அதே கதை.

அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். 2006ஆம் ஆண்டு தமிழகமெங்கும் பரவிய சிக்குன்குனியாவை மறக்காத ஒரு பாட்டி, "அந்தக் காய்ச்சல்தான் மூட்டுல ஒளிஞ்சிருக்கு" என்றார். (அது முற்றிலும் தவறான எண்ணமன்று. அக்காய்ச்சலுக்குப்பின் சிலருக்கு மூட்டு வீக்கம் மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு.) இன்னொருவர் சனியின் பார்வை என்றார். எங்கள் ஊர் அகத்தீசுவரர் கோயிலை வட திருநள்ளாறு என்பார்கள். சனிக்கிழமைகளில் வெளியூர்க் கூட்டமே நிறைய வரும். அம்மா ஒன்பது சனிக்கிழமை விளக்கேற்றினார். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. விளக்கேற்றிய கையோடு ஒரு மருத்துவரையும் பார்த்தோம் அல்லவா, கோளாறு அங்கேதான் நேர்ந்தது.

அங்கே கையை எக்ஸ் கதிர்ப்படம் எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எலும்பெல்லாம் நல்லா இருக்கு, வயசான வலிதான்" என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்தார்கள். அம்மாவுக்கு அப்போது வயது 43. படம் நன்றாக இருக்கிறது என்ற சொல்லைக் கேட்டு வீடே மகிழ்ந்தது. பழுப்பு உறையைப் பீரோவின்மேல் வைத்தோம். வலித்தபோதெல்லாம் மாத்திரை வாங்கினோம். படம் பொய் சொல்லாது என்று அம்மாவுக்கு ஆறுதல் சொன்னவன் நானேதான்.

படம் பொய் சொல்லவில்லை என்பது உண்மை. நாங்கள் கேட்ட கேள்விக்கு விடை சொல்லும் ஆற்றல் அப்படத்திற்கு இல்லை என்பதே நாங்கள் அறியாதது.

எக்ஸ் கதிர் எதைக் காட்டும், எதைக் காட்டாது?

எக்ஸ் கதிர்கள் உடலுள் பாயும்போது கனமான அணுக்கள் நிறைந்த இடத்தில் அதிகம் உட்கவரப்படுகின்றன. எலும்பில் கால்சியம் இருப்பதால் அங்கே கதிர் தடுக்கப்பட்டு, படம் வெண்மையாகத் தெரிகிறது. சதை, சவ்வு, நீர், குருத்தெலும்பு ஆகியவை ஏறத்தாழ ஒரே அளவில் கதிரை விடுவதால் ஒன்றையொன்று பிரித்தறிய இயலாத சாம்பல் நிறத்தில் கலந்துவிடுகின்றன.

இனி மூட்டின் அமைப்பைப் பார்ப்போம். இரண்டு எலும்பு முனைகள். அவற்றின்மேல் வழவழப்பான குருத்தெலும்புப் பூச்சு. சுற்றிலும் ஓர் உறை. உறையின் உட்புறத்தில் சினோவியம் எனப்படும் மெல்லிய சவ்வு. கதவின் கீலுக்கு எண்ணெய் விடுவதுபோல் இச்சவ்வு மூட்டுக்கு வழவழப்பான நீரைச் சுரக்கிறது. முடக்குவாதம் என்று நாம் சொல்லும் அழற்சி மூட்டுநோயில், உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே வழிதவறி இச்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு தடிக்கிறது, அதில் புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன, நீர் கோக்கிறது. தடித்த சவ்வு மெல்லப் படர்ந்து, குருத்தெலும்பு மூடாத எலும்பின் ஓரத்தில் வாய் வைத்து அரிக்கத் தொடங்குகிறது.

வீக்கம் முதலில் வருகிறது, அரிப்பு பின்னால் வருகிறது என்ற இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். எக்ஸ் கதிர்ப்படம் காட்டவல்லது பின்னால் வருவதை. எலும்பின் தாதுச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்த பிறகே சாதாரணப் படத்தில் வெளிறல் கண்ணுக்குத் தெரியும் என்பார்கள். குருத்தெலும்பு தேய்வதைக்கூட அப்படம் நேராகக் காட்டுவதில்லை. இரு எலும்புகளுக்கும் இடையே உள்ள வெற்றிடம் சுருங்குவதைக் கொண்டு நாம்தான் ஊகித்தறிகிறோம். ஆகவே நோய் தொடங்கிய சில மாதங்களில் எடுத்த படம் 'நன்றாக' இருப்பது இயல்பு. வீடு பற்றி எரியும்போது சுவர் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுச் செல்வதைப் போன்றது அது.

மருத்துவ உலகமும் இதை உணர நெடுங்காலம் ஆயிற்று. 1987இல் அமெரிக்க வாதநோய்ச் சங்கம் வகுத்த முடக்குவாத அடையாளங்கள் ஏழனுள் கைப்படத்தில் எலும்பு அரிப்பு தெரிவதும் ஒன்றாக இருந்தது. 2010இல் அமெரிக்க, ஐரோப்பிய அறிஞர்கள் கூடி வகுத்த புதிய முறையில் மதிப்பெண் வழங்கும் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது. அரிப்பு தெரியும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும் என்பதே காரணம்.

பெரிய ஆஸ்பத்திரியில்

பத்து மாதங்களுக்குப்பின் என் துறைப் பேராசிரியர் ஒருவர், அம்மாவின் காலை நேர விறைப்பைப் பற்றி நான் சொல்லக் கேட்டு, "தம்பி, நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ" என்றார். பல்லாவரத்தில் மின்வண்டி ஏறிப் பார்க் நிலையத்தில் இறங்கினால் எதிரே அரசுப் பொது மருத்துவமனை. இப்போது ராஜீவ் காந்தி பெயரால் வழங்குகிறது. பொழிச்சலூர்க்காரர்களுக்கு இன்றும் ஜி.எச்.தான்.

அவ்வளாகத்தின் பெருமை ஒன்றை அன்றுதான் அறிந்தேன். பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் அங்கே தொடங்கப்பட்டது. கேப்டன் பர்னார்டு என்பவரின் முயற்சியால் எழுந்து அவர் பெயரையே தாங்கி நிற்பது. ராண்ட்ஜன் தம் மனைவியாரின் கையைப் படம் எடுத்து நாற்பது ஆண்டுகள் நிறையும் முன்பே சென்னையில் அக்கலைக்கென்று தனி நிலையம் இருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதே மருத்துவமனையைச் சார்ந்த சென்னை மருத்துவக் கல்லூரியில் வாதநோய்களுக்கென்று தனித்துறையும் உண்டு. அதை வளர்த்தெடுத்தவர்களுள் முதன்மையானவர் பேராசிரியர் ஏ. என். சந்திரசேகரன்.

அங்கிருந்த டாக்டர் அம்மா பழைய படத்தை உடனே பார்க்கவில்லை. முதலில் அம்மாவின் கையைத் தம் கைக்குள் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு மூட்டையும் இரு கட்டைவிரல்களால் அழுத்திப் பார்த்தார்.

"காலையில விரலை மடக்க எவ்வளவு நேரம் ஆகுதும்மா?"

"கோலம் போட்டு முடிக்கிற நேரம்னா பரவாயில்லைங்களே. சோறு வடிக்கிற வரைக்கும் இருக்கும்."

"அப்ப ஒரு மணி நேரத்துக்கு மேல" என்று எழுதிக்கொண்டார். தேய்மான வலியில் காலை விறைப்பு பெரும்பாலும் அரைமணிக்குள் நீங்கிவிடும் என்றும், அழற்சி நோயில்தான் இவ்வளவு நேரம் நீடிக்கும் என்றும் எனக்குப் பின்னர் விளக்கினார். பிறகே இரத்தச் சோதனை, புதிய படம். கைகளோடு இரு பாதங்களையும் படம் எடுக்கச் சொன்னார். அம்மாவுக்கு வியப்பு. "கை வலிக்குதுன்னு வந்தா காலைப் படம் எடுக்கிறாங்களே!" பாதத்தில் வலியே இல்லாதவர்க்கும் சுண்டுவிரலின் அடிமூட்டில் முதல் அரிப்பு தென்படுவதுண்டாம். அம்மாவுக்கு அப்படியே இருந்தது. வலது பாதத்துச் சுண்டுவிரலடியிலும், ஆட்காட்டி விரலின் அடிமூட்டிலும், எறும்பு கொறித்த பிஸ்கோத்தின் ஓரம்போல் சிறு பள்ளங்கள். பழைய கைப்படத்தை அருகே வைத்தார். பத்து மாதத்திற்குமுன் அப்பள்ளம் இல்லை.

நான் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பத்து மாதத்தில்தான் எறும்பு கொறித்திருக்கிறது.

ஒலியால் பார்த்தல்

அதன்பின் அம்மாவின் மணிக்கட்டில் குளிர்ந்த களிம்பு தடவி, ஒரு சிறு கருவியை வைத்து மீயொலிப் படம் பார்த்தார்கள். கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுப்பார்களே, அதே தத்துவம்தான். 1958இல் ஸ்காட்லாந்தின் இயன் டொனால்டு இம்முறையை மகப்பேற்று மருத்துவத்தில் புகுத்தினார். மூட்டுக்கு வந்தது சற்றுப் பின்னால். முழங்காலுக்குப் பின்புறம் நீர்ப்பை கட்டியிருக்கிறதா, கெண்டைக்கால் இரத்தக் குழாயில் அடைப்பா என்று பிரித்தறிய 1972இல் இதைப் பயன்படுத்தினர். விரல் மூட்டுகளுக்குள் புகுந்து பார்க்கும் நுட்பம் கைவர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

நம் வகுப்புக் கணக்கு ஒன்றை இங்கே போட்டுப் பார்க்கலாம். நம் காதுக்குக் கேட்கும் உச்ச அதிர்வெண் நொடிக்கு 20,000. விரல் மூட்டைப் பார்க்கும் கருவி ஏறத்தாழ 1 கோடியே 50 லட்சம் அதிர்வுகள் எழுப்புகிறது. உடல் திசுக்களில் ஒலி நொடிக்கு 1,540 மீட்டர் செல்லும். திசைவேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அலை எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நுண்ணிய பொருளைப் பிரித்தறியலாம். வயிற்றை நோக்கும் கருவி இதில் நான்கில் ஒரு பங்கு அதிர்வெண்ணிலேயே இயங்குகிறது. அதிர்வெண் கூடக்கூட ஒலி ஆழத்திற்குச் செல்லாமல் விரைவில் தேய்ந்துவிடும் என்பதே காரணம். விரல் மூட்டு தோலுக்கு அருகிலேயே இருப்பதால் இங்கே அந்தத் தொல்லை இல்லை.

இம்முறையில் தடித்த சவ்வு தெரியும். கோத்த நீர் தெரியும். எலும்பின் மேற்பரப்பில் உள்ள குழி தெரியும். 2000ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகர மருத்துவர்கள் 100 முடக்குவாத நோயாளிகளின் விரல் மூட்டுகளை இரு வழிகளிலும் பார்த்தார்கள். எக்ஸ் கதிர் 17 பேரிடம் அரிப்பைக் காட்டிற்று. மீயொலி 56 பேரிடம் காட்டிற்று. இந்த எண்களைப் படித்த அன்றிரவு எனக்குச் சரியாக உறக்கம் வரவில்லை.

இதனினும் விந்தை டாப்ளர் விளைவின் பயன். பல்லாவரம் மேடையில் நிற்கும்போது நில்லாமல் செல்லும் விரைவு வண்டி ஊதிக்கொண்டே வந்து நம்மைக் கடந்ததும் ஊதல் ஒலி சட்டென்று தணிவதைக் கேட்டிருப்பீர்கள். 1842இல் கிறிஸ்டியன் டாப்ளர் விளக்கிய விளைவு இது. வண்டிக்குப் பதிலாக இங்கே ஓடுவன இரத்த அணுக்கள். அவற்றின்மேல் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாற்றத்தைக் கருவி சிவப்புப் புள்ளிகளாகத் திரையில் தீட்டுகிறது. நலமான விரல் மூட்டில் ஓட்டம் மிகக் குறைவாதலால் பொதுவாகச் சிவப்பு தெரியாது. அழன்ற சவ்விலோ புதுக்குழாய்கள் முளைத்திருக்குமல்லவா? அம்மாவின் மணிக்கட்டு திரையில் குங்குமம் கொட்டியதுபோல் இருந்தது. சிவப்பின் அளவைக் கொண்டு 0 முதல் 3 வரை தரம் போடுகிறார்கள். அம்மாவுக்கு 3. கதிர்வீச்சு இல்லை, வலியில்லை, கருவியும் எளிது. பார்ப்பவரின் கைத்திறமைக்கேற்பப் படம் மாறக்கூடும் என்பதே இதன் குறை. பழகாத கையில் நல்ல கருவியும் பயன் தராது.

காந்தமும் பம்பரமும்

எம்.ஆர்.ஐ. என்று எல்லோரும் சொல்லும் காந்த ஒத்ததிர்வுப் படம் வேறு வகை. நம் உடல் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சிறு பம்பரங்கள் எனலாம். வலுவான காந்தப்புலத்தில் அவை ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தலையாட்டிச் சுழல்கின்றன. 1.5 டெஸ்லா காந்தத்தில் நொடிக்கு ஏறத்தாழ 6 கோடியே 40 லட்சம் முறை, அதாவது நாம் கேட்கும் பண்பலை வானொலியின் அலைவரிசைக்குச் சற்றே கீழே. அதே அதிர்வெண்ணில் வானொலி அலையைச் செலுத்தினால் பம்பரங்கள் சாய்கின்றன. நிறுத்தினால் மீண்டு எழும்போது அவையே அலையை வெளியிடுகின்றன. அதைக் கேட்டுக் கணிப்பொறி படம் வரைகிறது. 1973இல் இதற்கு வழிகாட்டிய பால் லாட்டர்பருக்கும், பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. அக்காந்தம் பூமியின் காந்தப்புலத்தைவிட முப்பதாயிரம் மடங்குக்கும் மேல் வலியது. உலோகம் எதுவும் உள்ளே போகக்கூடாதென்பதால், தாலிச் சங்கிலியைக் கழற்றிவிட்டு மஞ்சள் கயிற்றோடு முறைக்காகக் காத்திருக்கும் தாய்மார்களை ஸ்கேன் அறைக்கு வெளியே காணலாம்.

எக்ஸ் கதிருக்கும் ஒலிக்கும் எட்டாத ஓரிடத்தை இது காட்டுகிறது: எலும்பின் உள்ளே உள்ள மஜ்ஜை. கொழுப்பின் ஒளிர்வை அடக்கிவிட்டு நீரை மட்டும் வெண்மையாகத் தெரியச் செய்யும் முறை ஒன்றுண்டு. அழற்சியால் மஜ்ஜையில் நீர் கோத்திருந்தால் அங்கே வெள்ளை மூட்டம் தெரியும். பிற்காலத்தில் அரிப்பு வரக்கூடிய இடத்தை முன்கூட்டிச் சொல்லும் அடையாளம் அது.

இது நம் வயதினர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய செய்தி. முடக்குவாதம் நம் தாய்மாரின் வயதில் அதிகம் என்றால், முதுகுத்தண்டையும் இடுப்பையும் பற்றும் அழற்சி நோய் ஒன்று இருபது வயதையொட்டியே தொடங்குகிறது. ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று பெயர். கவனிக்காமல் விட்டால் ஆண்டுகள் பல கழிந்து சிலருக்கு முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி மூங்கில்போல் ஆகிவிடும். என் வகுப்பு நண்பன் ஒருவன் கைப்பந்து ஆடுபவன். பின்னிரவு நான்கு மணிக்கு இடுப்பு வலியால் எழுந்து உட்கார்ந்துகொள்வான். காலை முதல் மணிக்குத் தாமதமாக வந்து திட்டு வாங்குவான். மாலையில் ஆட இறங்கினால் வலி போய்விடும். 'ஆட்டத்துக்கு மட்டும் இடுப்பு வலிக்காதோ?' என்று நாங்களே கேலி செய்திருக்கிறோம். ஓய்வில் கூடி, அசைவில் குறையும் வலியே இந்நோயின் முகவரி என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

அவனுடைய இடுப்பின் எக்ஸ் கதிர்ப்படத்திலும் குறை ஒன்றும் தெரியவில்லை. முதுகுத்தண்டின் அடி இடுப்பெலும்போடு சேரும் சேக்ரோ இலியாக் மூட்டில் மாறுதல் தெரிய ஆண்டுக்கணக்கில் ஆகலாம். 1984இல் வகுத்த நியூயார்க் விதிகளின்படி அம்மாறுதல் தெரிந்தால்தான் நோய்க்கு அப்பெயர் சூட்டலாம். 2009இல் உலக அறிஞர் குழு ஒன்று எம்.ஆர்.ஐ. காட்டும் அழற்சியையும் ஏற்றுக்கொண்டு புது விதி செய்தது. நண்பனின் எம்.ஆர்.ஐ. படத்தில் அம்மூட்டின் இருபுறமும் வெண்மூட்டம் இருந்தது. இப்போது மருந்தும் உடற்பயிற்சியுமாக இருக்கிறான். கைப்பந்தை விடவேண்டாம் என்று மருத்துவரே சொல்லிவிட்டதில் அவனுக்கு ஒரு பெருமை.

இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. நெடுந்தூரம் ஓடுபவர்க்கும், படைப்பயிற்சி பெறும் இளைஞர்க்கும், அண்மையில் பிள்ளை பெற்ற தாய்மார்க்கும்கூட அம்மூட்டில் சிறு வெண்மூட்டம் நோயின்றியே தெரிவதுண்டு. படத்தை மட்டும் பார்த்து நோயைச் சொன்னால், நோயில்லாதவனும் நோயாளியாவான்.

நம் பக்கத்துப் பெருமை ஒன்று

நாகல்கேணி, பம்மல் வழியே வருவோர்க்குத் தோல் பதனிடும் கொட்டகைகளின் வாடை தெரியும். குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் தோல் தொழிலால் வந்ததுதான். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதமே நம் குருத்தெலும்புக்கும் உறுதி தருவது. அதன் கட்டமைப்பைக் கண்டு சொன்னவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் பணியாற்றிய ஜி. என். ராமச்சந்திரன். அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து மாதிரிகளைப் பெற்று, எக்ஸ் கதிர்களைக் கொண்டு ஆராய்ந்து, மூன்று இழைகள் கயிற்றுப் புரிபோல் முறுக்கிக்கொண்டிருப்பதை 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து வெளியிட்டார். முடக்குவாதத்தில் அரிபடுவது இந்த முப்புரிக் கயிறுதான்.

அவர் தொடர்பு இத்தோடு முடியவில்லை. 1971இல் ஏ. வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து, பல கோணங்களில் எடுத்த எக்ஸ் கதிர்ப்படங்களிலிருந்து உள்ளுருவத்தைக் கணக்கிட்டு மீட்கும் எளிய கணித முறையை வெளியிட்டார். அதே ஆண்டில்தான் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியைப் படம் எடுத்தது. 1979இல் நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் சென்றது. எனினும் சி.டி. படம் உருவாக்கும் கணிதத்தில் ராம்–லாக் வடிகட்டி என்று நம்மவர் இருவர் பெயரும் இன்றும் வழங்குகிறது. அழற்சி மூட்டுநோயில் சி.டி.யின் பங்கு குறைவு. யூரிக் அமிலப் படிகம் சேரும் கௌட் நோயில் அப்படிகங்களை நிறம் பிரித்துக் காட்ட அதன் புதிய வகை உதவுகிறது. அளவில் சிறிதானாலும், நம் பாடநூலில் இடம்பெறத்தக்க பெயர்கள் என்பதால் இங்கே எழுதினேன்.

மருந்து வேலை செய்கிறதா?

நோயைக் கண்டறிந்ததோடு படத்தின் பணி முடிவதில்லை. அம்மாவுக்கு வாரம் ஒருமுறை மட்டும் விழுங்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை தொடங்கினார்கள். அது வலியைக் கொல்லும் மருந்தன்று. எதிர்ப்பாற்றலின் வழிதவறிய வேகத்தைத் தணிப்பது. பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும். தணிந்ததா என்று எப்படி அறிவது?

வீங்கிய மூட்டுகளை எண்ணுவது ஒரு வழி. இரத்தச் சோதனை ஒரு வழி. குறிப்பிட்ட இடைவெளியில் கைகால் படங்களை எடுத்துப் பழையதோடு ஒப்பிடுவது மூன்றாவது. இதற்கும் மதிப்பெண் உண்டு. 1971இல் ஷார்ப் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த முறையைப் பின்னர் நெதர்லாந்தின் வான் டர் ஹைடே திருத்தி அமைத்தார். ஒவ்வொரு மூட்டின் அரிப்புக்கும் இடைவெளிச் சுருக்கத்துக்கும் எண் கொடுத்துக் கூட்டினால் மொத்தம் 448 வரை போகும். நம் தேர்வைப்போல் கூடக்கூடப் பெருமை என்று எண்ணிவிடக்கூடாது! பெரும்பாலும் ஆராய்ச்சிகளில் பயன்படுவது இது. வழக்கமான சிகிச்சையில் கண்ணால் ஒப்பிடுவதே நடக்கிறது. கதிர்வீச்சைப் பற்றிய அச்சமும் வேண்டியதில்லை. ஒரு கைப்படத்தில் நாம் பெறும் கதிர்வீச்சு, மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் சில மணி நேரத்தில் இயற்கையாகவே நம்மீது விழும் அளவுதான்.

வீக்கம் அடங்கியதாகக் கைக்குத் தோன்றினாலும் மீயொலியில் சிவப்பு எஞ்சியிருப்பதுண்டு. அப்படியானால் திரையில் ஒரு புள்ளிச் சிவப்பும் இல்லாது போகும்வரை மருந்தைக் கூட்டிக்கொண்டே போகலாமே என்று எனக்குத் தோன்றிற்று. நார்வே நாட்டு மருத்துவர்கள் இதையே சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். ஒரு பிரிவினர்க்கு மீயொலியையும் பார்த்து மருந்தை மாற்றினர். மற்றொரு பிரிவினர்க்குக் கைச்சோதனையை மட்டும் கொண்டு மாற்றினர். இரண்டு ஆண்டுகளின் முடிவில் முதற்பிரிவினர் குறிப்பிடத்தக்க மேன்மை ஒன்றும் அடையவில்லை. டாக்டர் அம்மா அம்மாவின் கையை முதலில் ஏன் பிடித்துப் பார்த்தார் என்பது எனக்கு அப்போது விளங்கிற்று. ஐயம் எழும் இடத்தில்தான் அவர் கருவியை எடுக்கிறார்.

மாத்திரைக்கு அடங்காத நோய்க்கு உயிரியல் மருந்துகள் என்று ஒரு வகை உண்டு. அவற்றுள் சில, உடலில் உறங்கிக்கிடக்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடும். எனவே தொடங்குமுன் மார்பை எக்ஸ் கதிர்ப்படம் எடுத்தாக வேண்டும். 1928இல் சௌரி முத்து என்ற மருத்துவர் தாம்பரத்தில் காசநோய் விடுதி தொடங்கியதால்தான் இன்றும் ஒரு ரயில் நிலையத்திற்குச் சானடோரியம் என்று பெயர் இருக்கிறது. காசநோய் நம் நாட்டை விட்டு இன்னும் போகவில்லை. மூட்டு வைத்தியத்திற்கு வந்தவரின் மார்புப் படம் ஏன் கேட்கப்படுகிறது என்று நம் பகுதியினர்க்கு விளக்க அந்தப் பெயர்ப்பலகையே போதும். அம்மாவுக்கு அம்மருந்து இதுவரை தேவைப்படவில்லை.

சென்ற தைத் திங்களில் மீண்டும் ஜி.எச். சென்றோம். களிம்பு தடவிக் கருவியை வைத்தவுடன் அம்மா திரையைப் பார்த்து, "சிவப்பு இருக்குதுங்களா?" என்று கேட்டார். இடது மணிக்கட்டில் ஓரிடத்தில் மட்டும் சிறிது இருந்தது, தரம் 1. கைப்படத்தில் புதிய பள்ளம் இல்லை. பழைய பள்ளம் அப்படியே இருக்கிறது. அது நிரம்பாது என்றார்கள். ஆட்காட்டி விரல் சற்றே ஒருபக்கம் சாய்ந்திருப்பதால் அம்மா இப்போது நடுவிரலால் மாவைத் தள்ளிக் கோலம் போடுகிறார். கோடு முன்போல் மெல்லியதாக வருவதில்லை என்று அவருக்கு ஒரு குறை.

பழைய பழுப்பு உறையும் புதிய உறைகளும் இப்போது பீரோவுக்குள் ஒன்றாக இருக்கின்றன. அடுத்த முறை வரும்போது எல்லாவற்றையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்கள்.